அல்லிப்பூவா, அரளிப்பூவா

கும்பகோணம்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பேத்திக்கு இப்போது நாலு மாதம். அவள் தூங்கினால் வீடு தூங்குகிறது, அழுதால் எழுந்துகொள்கிறது. உனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று என்று படித்து நிம்மதி அடைந்தேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். உனக்காகவே எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன்.

வாசிப்பு வட்டத்தில் உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், எதைப் பேசுவது என்று கேட்டிருந்தாய். அத்தை என்ற உறவைப் பற்றிப் பேசேன். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் அத்தையை உனக்கு மறந்திருக்காது. மாதம் ஒரு தடவை முறுக்கு டப்பாவோடு ஹாஸ்டலுக்கு வந்து, எனக்குத் தலை பின்னிவிட்டு, உன்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பின்னிவிட்டுப் போவாரே, அவர்தான். இருபத்திரண்டு வயதில் தாலியறுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவர். அப்பா, அம்மா இருவரும் போன பிறகு இப்போது என்னோடு இருக்கிறார். வயது 88. காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

பத்து நாள் முன்னால் ஒரு ராத்திரி பேத்தி எதற்கும் அடங்கவில்லை. மருமகள் யூடியூபில் தாலாட்டுப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் அத்தை குழந்தையை வாங்கி, காலை நீட்டி மடியில் கிடத்திக்கொண்டு ஆரம்பித்தார். ‘மாமன் அடிச்சானோ மல்லியப்பூச் செண்டாலே, அத்தை அடிச்சாளோ அல்லிப்பூச் செண்டாலே.’ எனக்குச் சட்டென்று காதில் இடறியது. அம்மா எங்களுக்குப் பாடியது அல்லி இல்லை, அரளி.

மறுநாள் கேட்டேன். அத்தை சாதாரணமாகச் சொன்னார்: “அண்ணி அரளின்னுதான் பாடுவாங்க. என் காதுல விழணும்னே பாடுவாங்க. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். அப்புறம் உன்னைத் தூக்கிக்கிட்டுக் கொல்லைப்புறம் போயி, அல்லின்னு மாத்திப் பாடுவேன்.”

கமலா, நான் அன்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தாலாட்டைப் பாடுவது அம்மா. அதில் வரும் மாமன் அவளுடைய அண்ணன் தம்பி. அத்தையோ அவளுடைய நாத்தனார். பிறந்த வீட்டு மனிதனுக்கு எப்போதும் மல்லிகைதான். அதை மாற்றி நான் கேட்டதே இல்லை. நாத்தனாருக்கு மட்டும் இரண்டு பூ உண்டு. அரளி விஷம் என்பது பாடுகிறவளுக்கும் தெரியும், கேட்கிறவளுக்கும் தெரியும். அம்மா கெட்டவள் இல்லை, உனக்கே தெரியும். ஒரே அடுப்படியில் இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் வேறு போக்கிடம் இல்லை. சொல்ல முடியாததை அவள் தொட்டிலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

நம் சினிமாப் பாட்டுகளில் அத்தை எங்கே வருகிறாள் என்று யோசித்துப் பார். அத்தை மகள், அத்தை மகன், அவ்வளவுதான். 1962இல் வந்த பாத காணிக்கையில் ‘அத்தை மகனே போய் வரவா’ என்று சுசீலா பாடுவார். அழகான பாட்டு. ஆனால் அத்தை அங்கே மகனுக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ஒரு சொல், உரிமையைக் காட்டும் முகவரி. மறுவருஷமே கற்பகம் வந்தது. வாலி எழுதி அதே சுசீலா பாடிய ‘அத்தை மடி மெத்தையடி’. கே.ஆர். விஜயாவுக்கு அது முதல் படம். கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கியது. படத்தின் எல்லாப் பாட்டும் சுசீலாவின் குரலில்தான், ஆண் குரலே கிடையாது. பிள்ளையில்லாத கற்பகம் அண்ணன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பாடுகிறாள். பிறகு முட்ட வந்த மாட்டிடமிருந்து அந்தக் குழந்தையைக் காப்பாற்றித் தன் உயிரை விடுகிறாள். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து அத்தையோடு பார்த்தேன். அத்தை அழவில்லை. என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார், நான் அதற்குள் மடியில் கொள்ளாத அளவு வளர்ந்துவிட்டிருந்தேன்.

இன்னொன்று. போன மாதம் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தேன். ராஜராஜன் அங்கே கல்லில் வெட்டச் சொன்னது உனக்கும் தெரிந்ததுதான்: நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும். மனைவிமாருக்கு முன்னால் அக்கா. அந்த அக்கா குந்தவை, ராஜராஜன் மகன் ராஜேந்திரனுக்கு அத்தை. இங்கே பக்கத்தில் இருக்கும் பழையாறையில் ராஜராஜனுக்குப் பாட்டி முறையான செம்பியன் மாதேவியும் குந்தவையும்தான் அவனை வளர்த்தார்கள் என்று சொல்வார்கள். ராஜராஜன் தன் பெண்ணுக்கும் குந்தவை என்றே பெயர் வைத்தான். அந்தச் சின்னக் குந்தவை ஆந்திரப் பக்கத்து வேங்கிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவள் மகனுக்கு ராஜேந்திரனின் மகள் அம்மங்கை தேவியைக் கட்டினார்கள். அத்தையே மாமியார் ஆனாள். அந்தத் தம்பதியின் பிள்ளைதான் முதலாம் குலோத்துங்கன். நம் ஊர்க் கல்யாணக் கணக்குத்தான், அரண்மனையில் நடந்தது!

பொன்னியின் செல்வனில் கல்கி நமக்குக் கொடுத்த குந்தவை இளைய பிராட்டி, அருள்மொழியின், அதாவது ராஜராஜனின் அக்கா. நீயும் நானும் அவளாக ஆக ஆசைப்பட்டவர்கள்தானே. ஆனால் தம்பி மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற, நரை விழுந்த குந்தவையை நான் மனத்தில் பார்க்க ஆரம்பித்தது இப்போதுதான். அவள் காதில் விழும்படி அந்தக் குழந்தையின் அம்மா எந்தப் பூவைப் பாடியிருப்பாள்?

சித்தி என்ற சொல்லுக்கு நேர்ந்ததையும் பேசு. அம்மாவின் தங்கைக்கும் அப்பாவின் இரண்டாம் தாரத்துக்கும் ஒரே பெயர் ஆகிவிட்டது. 1966இல் அதே கோபாலகிருஷ்ணன் எடுத்த சித்தியில் பத்மினி இரண்டாம் தாரம்தான். 1999இல் சன் டிவியில் ராதிகாவின் சித்தி ஓடியபோது தெருவே அடங்கிவிடும். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வேறொருவர் நினைவுக்கு வருகிறார். சகோதரி சுப்புலட்சுமி, குழந்தை விதவை, 1911இல் பட்டம் வாங்கி, சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் நடத்தினாரே, அவரோடு நின்றவர் அவருடைய சித்தி வாலாம்பாள். அவரும் சிறுவயதில் கணவனை இழந்தவர். அந்த இல்லம் நடந்த கடற்கரை ஐஸ் ஹவுஸில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அவர் சித்தி. அவரைப் பற்றிக் கேட்க எனக்கு இன்னும் ஆசையாக இருக்கிறது. நீ பேசும்போது அவர் பெயரைக் கட்டாயம் சொல்.

எனக்கு உள்ளே குடைவது வேறு. என் மகன் ஒற்றைப் பிள்ளை. மருமகளும் ஒற்றைப் பெண். இந்தக் குழந்தைக்கு மாமனும் கிடையாது, அத்தையும் கிடையாது. சித்தி, பெரியம்மா, சித்தப்பா யாரும் கிடையாது. மகன் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுப் போட ஆள் இல்லாமல் என் கொழுந்தனார் மகளைக் கூப்பிட்டோம். பெயர் சூட்டின அன்றைக்குக் காதில் பெயர் சொல்ல அத்தை வேண்டும் என்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் அத்தையே மூன்று தலைமுறை தாண்டி எழுந்து வந்து சொன்னார். வளர்ந்தால் இவள் தெருவில் எல்லாப் பெண்களையும் ஆன்ட்டி என்று கூப்பிடுவாள். அந்த வரியை யாரை நினைத்துப் பாடுவது?

நேற்று ராத்திரி அத்தை குழந்தைக்கு அரளி என்று பாடினார். நான் கதவருகே நின்றிருந்தேன். முடித்ததும் ஏன் என்றேன். “அண்ணி ஞாபகம் வந்துச்சு” என்றார்.

தை பிறந்ததும் வந்து நாலு நாள் இரு. ராத்திரி பஸ் வேண்டாம், கண்ணுக்கு ஆகாது. பகல் ரயிலில் வா. நீ வருகிறாய் என்றதும் முறுக்குக்கு அரிசி ஊறப்போட நாள் கேட்கிறார் அத்தை. என்றைக்கு என்று எழுது.

அன்புடன்,
உன் ராஜி