கேமராவில் தெரிந்துவிடும், அப்புறம் யாரிடம் கேட்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எல்லையில் ஏதாவது நடந்துவிட்டால் மறுநாளே எல்லோரும் சொல்வது வேலியை உயர்த்து, டிரோன் வாங்கு, இன்னும் நாலு கேமரா போடு என்பதுதான். அதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நடுராத்திரியில் கேமராவில் ஒரு உருவம் தெரிகிறது என்றால், அது யார், எங்கிருந்து வருகிறது என்று கேட்க அந்தப் பக்கத்துச் சாவடியில் போனை எடுக்க ஒரு ஆள் இருக்கிறாரா? இதை யாருமே கேட்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

2014 மார்ச்சில் காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச்.370-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். அதில் இரண்டு பேர் திருட்டு பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தார்கள். ஒன்று இத்தாலியர் ஒருவருடையது, மற்றது ஆஸ்திரியர் ஒருவருடையது, இரண்டுமே தாய்லாந்தில் திருடு போனவை. திருடு போன விவரம் இன்டர்போல் என்ற சர்வதேசப் போலீஸ் அமைப்பின் பட்டியலில் அப்போதே இருந்தது, அந்தப் பட்டியலும் புதிதல்ல, 2002-லிருந்து இருக்கிறது. கோலாலம்பூரில் அதைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த இருவருக்கும் பயங்கரவாதத் தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை என்று பின்னால் சொன்னார்கள், சரி. ஆனால் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர்கள் புகார் கொடுத்து, அவர்கள் நாடு அதைப் பதிவு செய்து, உலகத்துக்கே தெரியும்படி வைத்த பிறகும் விமான நிலையத்து வாசலில் அது பயன்படவில்லை என்றால், அங்கே எத்தனை நவீன இயந்திரம் இருந்து என்ன?

கருவியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மெக்சிகோ எல்லை நெடுக கோபுரம், ரேடார், கேமரா என்று எஸ்.பி.ஐ.நெட் திட்டத்தை 2006-ல் ஆரம்பித்தார்கள். காற்றில் ஆடும் மரத்தையும் மழையையும் பார்த்து ரேடார் குழம்பியது. சுமார் 100 கோடி டாலர் செலவான பிறகு 2011 ஜனவரியில் கைவிட்டபோது, அரிசோனாவில் ஏறத்தாழ 85 கிலோமீட்டருக்குத்தான் வேலை முடிந்திருந்தது.

அதற்காக எல்லா இடத்துக்கும் கருவி வீண் என்று அர்த்தமில்லை. அசாமில் துப்ரி பக்கம் போய்ப் பார்த்தால், பிரம்மபுத்திரா பல கிளைகளாகப் பிரிந்து வங்கதேசத்துக்குள் இறங்குகிறது, வெள்ளம் வந்தால் மணல்திட்டெல்லாம் இடம் மாறிவிடும். அங்கே வேலி எங்கே போடுவது? 61 கிலோமீட்டர் ஆற்றுப் பகுதியில் சென்சாரும் கேமராவும் வைத்து 2019 மார்ச்சில் கண்காணிப்பைத் தொடங்கினார்கள். அந்த இடத்துக்கு அதுதான் சரி. ஆனால் ஆற்றின் மறுகரை இன்னொரு நாடு, அங்கே போய்விட்ட படகைப் பிடிக்க வேண்டியவர் அந்த நாட்டுக் காவலர்தான்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மலேசியாவுக்கும் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கும் நடுவே உள்ள மலாக்கா நீரிணைக் கதை. கொள்ளைக்காரன் ஒரு நாட்டுக் கடலில் கப்பலைத் தாக்கிவிட்டு அடுத்த நாட்டுக் கடலுக்குள் நழுவிவிடுவான், துரத்தி வருகிற ரோந்துப் படகு கோட்டோடு நின்றுவிடும். 2004-ல் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கின. அப்படியும் 2005 ஜூனில் லண்டன் காப்பீட்டுச் சந்தை அந்தக் கடலை, கப்பல்களுக்குக் கூடுதல் காப்பீட்டுக் கட்டணம் கேட்கும் போர் அபாயப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வானிலிருந்தும் ரோந்து ஆரம்பமானது, விமானம் ஒரு நாட்டுடையதாக இருந்தாலும் உள்ளே மற்ற நாட்டு அதிகாரிகளும் சேர்ந்தே உட்கார்ந்து போனார்கள். இதை நினைத்துப் பாருங்கள், ஒருவர் மேல் ஒருவர் சந்தேகம் இல்லாத நாடுகள் அல்ல அவை, யாரும் யாருக்கும் தங்கள் கடலை விட்டுக்கொடுக்கவும் இல்லை, துரத்திக்கொண்டு அடுத்தவர் எல்லைக்குள் நுழையும் உரிமைகூடத் தரவில்லை. ஆனாலும் பார்த்ததை உடனே சொன்னார்கள். 2006 ஆகஸ்டில் அந்தப் பட்டியலிலிருந்து மலாக்காவை எடுத்துவிட்டார்கள். எல்லாம் ரோந்தால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன், நீரிணையை ஒட்டிய இந்தோனேசியப் பகுதியான ஆச்சேயில் அரசுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே 2005-ல் வந்த அமைதி ஒப்பந்தமும் உதவியிருக்கும்.

நார்வேயும் ஸ்வீடனும் இன்னும் ஒரு படி மேலே. சுமார் 1,600 கிலோமீட்டர் எல்லை, ஒவ்வொரு சாலையிலும் இரண்டு சாவடி கட்டவில்லை, ஒரு நாட்டுச் சுங்க அதிகாரியே இரண்டு நாட்டுக்கும் சேர்த்து வேலை பார்க்கிறார். இது 1959-லேயே ஒப்பந்தம் போட்டுத் தொடங்கிய ஏற்பாடு, கம்ப்யூட்டர் வரும் வரை காத்திருக்கவில்லை.

பக்கத்து நாட்டை நம்ப முடியாதே என்பார்கள். நியாயமான பயம்தான், அந்தப் பக்கம் கடத்தல்காரனோடு கூட்டு வைத்திருக்கும் ஆள் இருந்தால் நாம் சொன்னது அவன் காதுக்கே போய்ச் சேரும். அதனால்தான் சின்னதாக ஆரம்பிக்கச் சொல்கிறேன். உளவு ரகசியத்தை யாரும் கொடுக்க வேண்டாம். திருடு போன வண்டியின் எண், தொலைந்த பாஸ்போர்ட், காணாமல் போன குழந்தையின் படம், இவற்றில் தொடங்கலாம். இந்தியாவும் வங்கதேசமும் 4,096 கிலோமீட்டருக்கும் சேர்த்து ஒரே நாளில் எதையும் செய்துவிடவில்லை, 2018-ல் 8.3 கிலோமீட்டரை மட்டும் குற்றமில்லாப் பகுதி என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாட்டு எல்லைக் காவல் படைகளும் சேர்ந்து பார்த்தன.

ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது. விவரத்தைப் பகிர்வது என்றால் எதைப் பகிரலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், தவறாக ஒருவர் பெயர் பட்டியலில் ஏறிவிட்டால் யாரிடம் போய் நீக்கச் சொல்வது என்பதெல்லாம் முதலிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். முகத்தை அடையாளம் காணும் கேமரா ஆளை மாற்றிச் சொல்வது உண்டு. ஒரு நாட்டில் நடந்த அந்தத் தவறு இரண்டு நாட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏறிவிட்டால் அந்த மனிதர் பாவம், எந்தப் பக்கமும் போக முடியாமல் நிற்பார்.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்த நாடாவது எல்லைக்கு இத்தனை கோடியில் புதுக் கருவி வாங்குகிறது என்று செய்தி வந்தால், அது எத்தனை தூரம் பார்க்கும் என்பதோடு, அதில் தெரிவதை எதிர்ச் சாவடிக்குச் சொல்ல ஏற்பாடு இருக்கிறதா, கடைசியாக எப்போது அப்படிச் சொன்னார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்