யாழ்ப்பாணத்து அன்பளிப்புக் கடை முதலாளிமாருக்கு: இரண்டையும் ஒரே கம்பியில் கொளுவாதேங்கோ

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு,

கஸ்தூரியார் வீதியிலும் ஆஸ்பத்திரி வீதியிலும் நவீன சந்தையிலும் பான்சிச் சாமானும் அன்பளிப்புப் பொருளும் விற்கிற உங்கள் எல்லாருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். பராகோட் என்ற நைலோன் கயிற்றில் கைப்பட்டி, திறப்புக் கோர்வை, நாய்க்கயிறு, தண்ணீர்ப் போத்தல் தூக்கி என்று பின்னிக் கொண்டுவந்து உங்கள் மேசையில் பரப்புகிறவள் நான்தான்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து மொத்தமாக வருகிற மலிவுச் சாமானை நீங்கள் விற்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக வில்லுங்கள், அது உங்கள் பிழைப்பு. ஆனால் அதையும் என்னுடையதையும் ஒரே கம்பியில் கொளுவி, மேலே என் பெயரையும் போட்டு 'யாழ்ப்பாணக் கைவேலை' என்று ஒரு மட்டையைத் தொங்கவிடாதீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன், எந்தக் கடை என்பது வேண்டாம். நல்லூர்த் திருவிழா நேரம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் அந்தக் கம்பிக்கு முன்னால் நின்றது. என்னுடைய கைப்பட்டியில் 950 ரூபாய். பக்கத்தில் தொங்கிய மற்றதில் 300. தாய்க்காரி இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஏன் மூண்டு மடங்கு?" என்று கேட்டா. கடையில் நின்ற பெடியன் கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "எல்லாம் ஒண்டுதான் அன்ரி, கலர்தான் வேற" என்றான். அந்த அம்மா 300 ரூபாய்ச் சாமானில் நாலு வாங்கிக்கொண்டு போனா. 'ஊரிலே செய்தது' என்று அங்கே போய்ச் சொந்தக்காரருக்குக் கொடுத்திருப்பா. அவவில் ஒரு பிழையும் இல்லை. மட்டையில் இருந்ததை நம்பினா.

எல்லாம் ஒன்றுதானா என்று நீங்களே பார்க்கலாம், அதிக நேரம் எடுக்காது. பராகோட் என்பது பரசூட்டுக்கென்று செய்யப்பட்ட நைலோன் கயிறு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பரசூட் படையினர் பாவித்தது. அதில் நாங்கள் பின்னலுக்கு எடுப்பது மூன்றாம் வகை. அறாமல் தாங்கவேண்டிய பாரம் குறைந்தது 550 இறாத்தல், ஏறக்குறைய 250 கிலோ என்பது அதன் அளவுகோல். ஒரு துண்டை வெட்டி மேலுறையைப் பின்னுக்குத் தள்ளினால் உள்ளே 7 வெள்ளை இழை தனித்தனியாகத் தெரியும். ஒவ்வோர் இழையும் இரண்டு அல்லது மூன்று நூலை முறுக்கிச் செய்தது. இனி உங்கள் 300 ரூபாய்ச் சாமானில் ஒன்றை வெட்டிப் பாருங்கள். நான் வெட்டிப் பார்த்த ஒன்றில் முறுக்கே இல்லாத பஞ்சுமாதிரி ஏதோ கிடந்தது. இன்னொன்றில் உறை மட்டும்தான், உள்ளே ஒன்றுமில்லை.

வெட்ட மனமில்லாவிட்டால் ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். கயிற்றை நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது நைலோன் இல்லை, பொலிபுறப்பிலீன். தாழ்ந்தால் நைலோன்தான் என்று அடித்துச் சொல்லமுடியாது, பொலியெஸ்ரரும் தாழும். ஆனால் மிதக்கிற சாமானின் பக்கற்றில் '550' என்று கொட்டை எழுத்தில் அடித்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். (என்னுடைய கைப்பட்டியையும் ஆளைத் தூக்குகிற கயிறென்று நான் விற்பதில்லை. அந்தக் கணக்கு நேராகக் கிடக்கிற கயிற்றுக்கு. முடிச்சு விழுந்தால் பலம் குறையும். இதைக் கேட்டுவிட்டு வாங்காமல் போன பெடியள் இருக்கிறாங்கள், போகட்டும்.)

அடுத்தது வேலை. புதுக் கயிற்றை அப்படியே பின்னினால் முதல்தரம் நனைந்து காய்ந்ததும் சுருங்கிக் கையை இறுக்கும். அதனால் சுடுதண்ணீரில் ஊறவைத்து, கொடியில் நிழலில் காயவிட்டுத்தான் தொடுவேன். கைப்பட்டிக்குப் போடுகிற கோப்ராப் பின்னலுக்குக் கணக்கு, மணிக்கட்டு ஓர் அங்குலத்துக்குக் கயிறு ஓரடி. நடுவிலே இரண்டு இழை சும்மா நிற்கும், வெளியிலே இரண்டும் மாறி மாறி இடமும் வலமுமாகச் சுற்றிப் பூட்டும். ஒரே பக்கத்தை இரண்டுதரம் போட்டால் பின்னல் முறுகத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முடிச்சும் ஒரே இழுவையில் விழவேண்டும். மலிவுச் சாமானில் முடிச்சைத் தள்ளித் தள்ளிப் போட்டிருப்பார்கள், கயிறு மிச்சம். விரல் நகத்தால் தள்ளினால் முடிச்சு நகரும். கடைசியில் நுனியை லைற்றரில் உருக்கித் தட்டையாக அமத்திவிடுவது இருக்கிறதே, அங்கேதான் ஆளின் கை தெரியும். அவசரத்தில் சுட்டது கருகி முள்ளுமாதிரி நிற்கும். போட்ட பிள்ளையின் கையைக் கீறும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நான் பாவிக்கிற கயிறும் தொழிற்சாலையில் செய்ததுதான், பக்கிளும் அச்சில் வார்த்ததுதான், இரண்டும் கப்பலில் வந்தவை. அதுமட்டுமில்லை, இந்தப் பின்னலைத் தொடக்கம் முதல் பக்கிள் வரை மெசினில் முடிப்பது இலேசான காரியமில்லை. உங்கள் 300 ரூபாய்ச் சாமானையும் எங்கோ ஒருத்தி, துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு கையாலேயே பின்னியிருக்கக்கூடும். அவளோடு எனக்கு என்ன கோபம்? அப்படிப் பார்த்தால் உங்கள் மட்டையில் 'கைவேலை' என்பதுகூட உண்மையாக இருக்கலாம். 'யாழ்ப்பாணம்' என்பது பொய். நைலோன் என்பதும் பலவேளை பொய்.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் கடலோடு பிழைத்த ஆட்கள். என் அப்பப்பா காலத்தில் பருத்தி நூலில் கையால் வலை முடிந்தார்கள். நைலோன் வலை தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கியதும் கையால் முடிவது நின்றுபோனது. அதற்காக ஒருவரும் அழவில்லை, நானும் அழமாட்டேன். பருத்தி வலை உக்குவதுபோல அது உக்காது, அடிக்கடி காயப்போட்டு மினக்கெடத் தேவையில்லை, கண்ணும் ஒரேயளவு. ஆனால் கல்லில் பட்டுக் கிழிந்த வலையைப் பொத்துவதற்கு இன்றைக்கும் ஆள்தான் குந்தியிருக்கவேண்டும். அந்த ஊசியைப் பிடித்துப் பழகிய விரல்தான் எனக்கு இந்தத் தொழிலைத் தந்தது. ஆகவே, நல்ல சாமான் தொழிற்சாலையிலிருந்து வந்து என்னைத் தோற்கடித்தால் தோற்றுவிட்டுப் போகிறேன். இது அந்தக் கதை இல்லை.

விலையைக் குறை என்று நீங்கள் எல்லாரும் ஒரே வாயால் சொல்கிறீர்கள். "தங்கச்சி, கொழும்பிலை இருந்து உதே சாமான் நூற்றைம்பதுக்கு வருது, நீரும் கொஞ்சம் இறங்கி வாருமன்." எங்கே இறங்குவது? பெரிய ஆளின் மணிக்கட்டுக்கு எட்டு ஒன்பது அடிக் கயிறு போகும். கயிறும் பக்கிளும் மட்டுமே எனக்கு 300 ரூபாயைத் தொடும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறினபோது கயிற்று விலையும் அதோடு ஏறியது, பிறகு பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. நீங்கள் விற்கிற விலைக்கு எனக்குக் கையிலே கயிறே வராது. இதிலிருந்தாவது, அந்த விலையில் உள்ளே என்ன இருக்கும் என்று யோசித்திருக்கலாம்.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவது எனக்கு விருப்பமில்லை, என்றாலும் ஒருதரம் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வாங்குபவரையோ இன்னொரு வியாபாரியையோ ஏமாற்றும் நடத்தை எந்த வியாபாரிக்கும் ஆகாது என்கிறது. 31ஆம் பிரிவு, சாமானின் தரத்தையும் அது எதனால் ஆனது என்பதையும் பொய்யாகச் சொல்வதைத் தடுக்கிறது. என்னுடைய பெயர்மட்டைக்குக் கீழே வேறு ஆளின் சாமானைக் கொளுவுவது எதில் சேரும் என்று நீங்களே தீர்மானியுங்கள். நான் ஒரு முறைப்பாட்டுக்கும் போகவில்லை. உங்கள் கடை வாசலில்தானே நாளைக்கும் நிற்கவேண்டும்.

'வைச்சிட்டுப் போம், வித்தால் காசு' என்ற வழக்கத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வில்லுப்படாததைத் திருப்பித் தருவது நியாயம்தான். ஆனால் மாதக்கணக்காகக் கடை முகப்பில், மேற்கு வெயில் நேரே அடிக்கிற இடத்தில் தொங்கவிட்டுத் திருப்பித் தருகிறீர்கள். நைலோனுக்கு வெயில் ஆகாது. திரும்பி வந்த சிவப்புக் கைப்பட்டிகளில் வெளிப்பக்கம் வெளிறிப்போய் றோஸ் நிறம், உட்பக்கம் நல்ல சிவப்பு. அதை நான் எங்கே கொண்டுபோய் விற்பது? வித்ததற்குக் காசு கேட்டு வந்தால் "அடுத்த கிழமை வாரும்." பிள்ளைகளின் ரியூசன் காசு அடுத்த கிழமைவரை பொறுக்காது, முதலாளி.

பனையோலைக்காரருக்கு என்றாலும் ஒரு போக்கிடம் உண்டு. 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையும் அதன் 'கற்பகம்' விற்பனை நிலையமும் இருக்கின்றன. அங்கே வாங்குகிறவருக்குத் தான் வாங்குவது ஊர்ச் சாமான் என்று தெரியும். நைலோன் கயிற்றுக்கு அப்படி ஒரு சபை வரப்போவதில்லை, வரவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. எனக்கு இருக்கிற சபை நீங்கள்தான்.

நிறத்தைப் பற்றி ஒரு சின்ன விசயம். வெளியிலிருந்து வருகிற கட்டுகளில் பாதி, படைச்சீருடைப் புள்ளி போட்ட கயிறு. அந்த நிறத்தில் நான் ஒரு முழம்கூட வாங்குவதில்லை. ஏன் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உங்கள் கம்பியில் என் பெயருக்குக் கீழே அது தொங்குவதைப் பார்த்தபோதுதான் இந்த மடலை எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

ஆகவே ஒழுங்கு இதுதான். ஆனி மாத முடிவில், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னரே, சாமானோடு உங்கள் கடைகளுக்கு வருவேன். என்னுடையதைக் கொளுவ மரத்தில் ஒரு சின்னத் தாங்கியும் என் செலவில் கொண்டுவருவேன். ஒரு முழ இடம், வெயில் படாத உட்பக்கத்தில் தந்தால் போதும். தாங்கியில் என்ன கயிறு, எந்த ஊரில் பின்னியது, அறுந்தால் யாரிடம் கொண்டுவருவது என்று எழுதியிருக்கும். பக்கிள் உடைந்தாலும் முடிச்சு அவிழ்ந்தாலும் காசு வாங்காமல் திருத்தித் தருவேன், அதற்கு உங்களுக்கு ஒரு மினக்கேடும் இல்லை. வாடிக்கையாளர் தொட்டு இழுத்துப் பார்க்க வெட்டிய துண்டு ஒன்றும் பக்கத்தில் தொங்கும். மற்றச் சாமானை நீங்கள் விரும்பிய இடத்தில், விரும்பிய விலைக்கு, அது வந்த இடத்தின் பெயரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

காசு விசயத்தில், ஐந்தோ பத்தோ ஆனாலும் கையோடு காசு தந்து எடுக்கிற கடைக்கு 950 ரூபாய்ச் சாமானை 700க்குத் தருவேன். வித்தபிறகு என்றால் 800, மாதத்தில் ஒரு நாளைக் குறித்து அந்த நாளில் தரவேண்டும். இதற்குக் கீழே இறங்கமாட்டேன். ஒத்துவராத கடையில் தொங்குகிற என்னுடைய சாமானையும் பெயர்மட்டையையும் அன்றைக்கே கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவேன். தயவுசெய்து அதுவரைக்கும் மட்டையை மட்டுமாவது உள்ளே எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
நாவாந்துறையிலிருந்து ஒரு கயிறு பின்னுகிறவள்