சீனன்குடா ஹரிக்கேன் பறந்துவிட்டது: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காமார், அண்ணன்மார், தம்பி தங்கைமார், மொடல் விமானக் கழக நண்பர்கள் எல்லோருக்கும்,

போன ஞாயிறு காலை பத்தரை மணிக்கு எங்கள் ஹரிக்கேன், இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானியச் சண்டை விமானத்தின் ரேடியோவால் ஓட்டுகிற மொடல், பறந்தது. எட்டு நிமிடம். இந்த முறை இரண்டு சில்லுக் காலும் ஒழுங்காகப் பூட்டி, புல்லில் இறங்கி, நேராக உருண்டு வந்து நின்றது. வந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, எனக்குப் பேச்சு வரவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். பெயர் போடவேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டதால் ஒருவர் பெயரும் போடவில்லை. ஆர் ஆரென்று உங்களுக்கே விளங்கும்.

ஐந்து வருடமாக நீங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: இங்கிலாந்தில் ஹரிக்கேன் மொடல் செய்கிற எல்லோரும் 1940 இல் லண்டனைக் காத்த விமானத்தைத்தானே செய்கிறார்கள், நீ ஏன் திருகோணமலை விமானம்தான் வேண்டும் என்று நிற்கிறாய்? முழுப் பதிலை ஒருதரம் எழுத்தில் வைத்துவிடுகிறேன்.

1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது என்ரை ஐயாவுக்கு ஒன்பது வயது. அப்பாச்சி ஒரு கையில் பாயும் மறு கையில் கைக்குழந்தையுமாக ஓட, ஐயா மட்டும் திரும்பித் திரும்பி வானத்தைப் பார்த்தாராம். பக்கத்துச் சீனன்குடா விமானத்தளத்தில் இருந்து எழும்பிய ஹரிக்கேன்கள் அவர் தலைக்கு மேலால் சரிந்து போயின. அவர் கண்டது அவற்றின் வயிற்றை. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வலது உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்து, பெருவிரல் பக்கத்தை மெல்ல மேலே உயர்த்திக் காட்டுவார். வேறு எதையும் அப்படிக் கையால் காட்டிக் கதைக்கிற மனுசன் இல்லை அவர்.

அந்த விமானங்கள் வந்தும் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மார்ச் முதல் வாரத்தில் இன்டொமிற்றபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து பறந்து, 30 ஆம் படைப்பிரிவு இரத்மலானையிலும் 261 ஆம் படைப்பிரிவு சீனன்குடாவிலும் இறங்கின. கொழும்பில் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கி 258 ஆம் படைப்பிரிவை வைத்திருந்தார்கள். ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு விழுந்தது; நாலு நாள் கழித்துத் திருமலையில். அதே 9 ஆம் திகதி ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. இங்கே விமான மொடல் செய்கிறவர்களிடம் இதைச் சொன்னால் பாதிப்பேர் முதற்தடவையாகக் கேட்பார்கள். சொன்ன உடனேயே அதைத் தங்கள் காரியமாக எடுத்துக்கொண்டவர்கள் நீங்கள்.

முதலில், எங்கள் கழகத்தின் மூத்தவருக்கு. வயது எண்பதைத் தாண்டியவர், தமிழ் வாசிக்கமாட்டார், இந்தப் பகுதியை அவருக்கு நானே இங்கிலிஷில் சொல்லிக்காட்டுவேன். என்னிடம் இருந்தது முதல் வகை ஹரிக்கேனின் வரைபடம். சீனன்குடாவில் பறந்தது இரண்டாம் வகை, பன்னிரண்டு துப்பாக்கி வைத்தது. மூக்கும் சில அங்குலம் நீளம். "மூக்கை இப்படியே விட்டுவிடுவோம், ஆர் பார்க்கப்போகிறார்கள்" என்று நான் சொன்ன அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை, எஞ்சின் பக்கத்துச் சட்டங்கள் முழுவதையும் தானே திருப்பி வரைந்து, சுருட்டிய கடதாசியோடு எங்கள் வாசலில் நின்றார். சிறகில் தரையிறங்கும் விளக்குக்கு வெளிப்புறமாக, பக்கத்துக்கு இரண்டாகக் கூடுதல் துப்பாக்கி வாய்களும் குறித்திருந்தன. "உன் அப்பா பார்த்த விமானத்தில் இவை இருந்தன" என்றார். அதற்குப் பிறகு "ஆர் பார்க்கப்போகிறார்கள்" என்ற சொல் எங்கள் கராஜுக்குள் வரவில்லை.

அளவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்களில் சிலர் இன்றைக்கும் இதை விளையாட்டுப் பொருளென்று நினைக்கிற சொந்தக்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையான ஹரிக்கேனின் சிறகு நாற்பது அடி. எங்களுடையது அதில் கால் பங்கு, பத்து அடி. நீளம் கால் பங்கானால் பரப்பு பதினாறில் ஒன்று, கனவளவு அறுபத்துநாலில் ஒன்று. நிறையேற்றிய ஹரிக்கேன் ஏறக்குறைய மூன்றரைத் தொன். அதை அறுபத்துநாலால் பிரித்தால் ஏறக்குறைய 55 கிலோ வரும். இங்கே 25 கிலோவுக்கு மேல் போனால் தனி அனுமதி வேண்டும். எங்களுடையது 19.4 கிலோவில் நின்றது. அந்த நிறைக்காக நாங்கள் ஒவ்வொரு கிராமாகச் சண்டை பிடித்திருக்கிறோம்.

அந்தச் சண்டையில் எனக்குக் கூடுதலாகக் கைகொடுத்தவர் விமானமே செய்திராத ஒருவர்: ஈஸ்ற்ஹாமில் தையல்கடை வைத்திருக்கும் அக்கா. ஹரிக்கேனின் பின் உடம்பு தகரமில்லை, துணி. உள்ளே உருக்குக் குழாய்; அதற்கு மேல் மரச் சட்டமும் நீளச் சலாகைகளும்; அவற்றின் மேல் இழுத்துப் போர்த்திய லினன் துணி, டோப் என்கிற அரக்குப் பூச்சுப் பூசி விறைக்க வைத்தது. துப்பாக்கிக் குண்டு பட்டால் துணியில் ஓட்டை விழும், பெரும்பாலும் அவ்வளவுதான். ஒட்டுப் போட்டுத் திரும்ப அனுப்புவார்கள். மொடலிலும் அந்தச் சலாகைகள் துணிக்கு மேலாக வரிவரியாகத் தெரியவேண்டும். முதல் தடவை நான் போர்த்தியபோது வால் பக்கம் சுருக்கம் விழுந்தது. சூட்டுப்பெட்டியால் இழுத்தேன், சலாகை வளைந்துவிட்டது.

அக்கா வந்து துணியை விரல் நுனியால் தடவிப் பார்த்தா. "தம்பி, பாவு எந்தப் பக்கம் ஓடுது எண்டு பாத்தனீரோ?" நான் பார்க்கவில்லை. நெசவில் நீளவாட்டு நூல் பாவு, குறுக்கு நூல் ஊடு. துணி பாவுப் பக்கம் இழுபடாது, ஊடுப் பக்கம் கொஞ்சம் கொடுக்கும். வாலை நோக்கி ஒடுங்கிப் போகிற உடம்புக்குப் பாவு நீளவாட்டில் ஓடவேண்டும் என்று சொல்லி, பழைய துணியைக் கழற்றி, புதிதை நாலு துண்டாக வெட்டித் தந்தா. ஓரத்து நாடாக்களைப் பல்லுக் கத்தரிக்கோலால் வெட்டினா. உண்மையான விமானத்திலும் அப்படிப் பல்லு வைத்த ஓரம்தான், நூல் பிரியாமல் இருக்க. எனக்கு இது படத்தில் கண்ட ஒரு விவரம். அவவுக்கு நாற்பது வருடத் தொழில். பிறகு கேட்டா: "இந்த நூல் ஏன் இவ்வளவு மொத்தம்?" வாலில் 100 கிராம் கூடினால் அதைச் சரிக்கட்ட மூக்கில் 300 கிராம் அளவுக்கு ஈயம் வைக்கவேண்டும் என்று சொன்னேன். ஹரிக்கேனுக்கு மூக்குக் கட்டை, வால் நீளம். அடுத்த நாள் மெல்லிய பொலியெஸ்ரர் நூலோடு வந்து, வால் பக்கத்துத் தையலை முழுவதும் பிரித்துத் திரும்பத் தைத்தா. நாடா, நூல், குறைந்த டோப் எல்லாம் சேர்ந்து வாலில் 90 கிராம் மிச்சம். மூக்கில் கால் கிலோ ஈயத்தை நான் திருப்பி எடுத்து வைத்தேன். அக்கா, அந்த ஈயக்கட்டி இப்போது என் மேசையில் கடதாசி பறக்காமல் வைக்கிற பாரமாக இருக்கிறது. ஒரு பென்ஸ் காசும் நீங்கள் வாங்கவில்லை. கடன்பட்டிருக்கிறேன்.

ஓல்ட் வார்டன் அரும்பொருளகத்தில் இன்றைக்கும் பறக்கிற ஒரு சீ ஹரிக்கேன், கடற்படைக்குச் செய்த ஹரிக்கேன், இருக்கிறது. 1909 ஆம் ஆண்டின் ப்ளேரியோ என்ற பழைய பிரெஞ்சு விமானமும் அங்கேதான். கயிற்றுக்கு வெளியே நின்று நான் அரை நாளாகக் குனிந்து குனிந்து படம் எடுப்பதைக் கண்டு, ரோர்ச் வெளிச்சத்தைச் சில்லுக் குழிக்குள் பிடித்துக் காட்டிய தொண்டருக்கும் நன்றி. கால்கள் உள்நோக்கி மடிந்து போய் எங்கே எப்படிக் கிடக்கின்றன என்பது எனக்கு அந்த வெளிச்சத்தில்தான் பிடிபட்டது.

மகளுக்கும் பெறாமகளுக்கும்: நீங்கள் இருவரும் ஊசியில்லாத சிரிஞ்சுக்குள் வெள்ளைப் பசை நிரப்பி, ஒரு மார்கழி விடுமுறை முழுக்கச் சிறகில் ஆணித்தலை மாதிரித் தெரிகிற ஆணிப்பொட்டு வைத்தீர்கள். வரிசை கோணினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தீர்கள். நான் வைத்த வரிசைகளும் அந்தச் சிறகில் இருக்கின்றன. உங்களுடையவைதான் நேர்.

நிறம் கலந்து தந்த கராஜ் தம்பிக்கு: மேலே கரும்பச்சையும் மண்ணிறமும், கீழே வெளிர்ப் பச்சை ஓடிய வான்நிறம். காருக்கு அடிக்கிற மாதிரிப் பளபளப்பாக அடிக்கக்கூடாது என்று நான் சொல்ல, பத்துப் பலகைத் துண்டுகளில் அடித்து வெயிலில் வைத்துக் காட்டினீர். மொடல் சின்னதாக இருப்பதால் அதே நிறம் கண்ணுக்கு இன்னும் இருளாகத் தெரியும், ஒரு சொட்டு வெள்ளை சேர்ப்போம் என்றது உங்கள் யோசனை. அது சரியாகவே வந்தது.

திருமலையில் இருக்கிற மாஸ்ரருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் காலையை நினைவிருக்கிற மூன்று பேரின் வீட்டுக்குச் சைக்கிளில் போய், அவர்கள் குரலைப் பதிந்து அனுப்பினார். அதில் ஒரு பெரியவர் விமானச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுகிறார். பின்னால் ஒரு கோழி கத்துகிறது, மாஸ்ரர் "ஓம் ஐயா, ஓம்" என்கிறார். ஐயா அந்தப் பதிவைக் கேட்டபோது ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாந்தரம் போடச் சொன்னார். பிறகு கையைக் கவிழ்த்துப் பிடித்தார். துணி போர்த்தாத சட்டகத்தின் படத்தை மட்டும்தான் அவர் பார்த்தார்; பறந்ததைப் பார்க்கவில்லை. மாஸ்ரர், உங்களால் ஐயாவுக்கு அந்த ஒரு பின்னேரம் கிடைத்தது.

போன புரட்டாதியில் நடந்ததையும் எழுதவேண்டும். முதற்பறப்பு நன்றாகவே போனது. இறங்கும்போது இடதுகால் பூட்டவில்லை. காலை இயக்குகிற காற்றழுத்தக் குழாயின் ஒரு இணைப்பில் கசிவு. புல்லைத் தொட்டதும் கால் மடிந்து, சிறகு நுனி நிலத்தில் குத்தி, விமானம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இடது வெளிச்சிறகில் ஏழு விலா (சிறகின் குறுக்குச் சட்டம்) முறிந்தது, அக்காவின் துணி கிழிந்தது. நான் காருக்குள் போய் இருந்துவிட்டேன். ஓட்டிய பொலிஷ் நண்பர் வந்து பக்கத்து இருக்கையில் இருந்தார், கனநேரம் கதைக்கவில்லை. ஹரிக்கேன் என்றால் அவருடைய நாட்டவருக்கு 303 ஆம் படைப்பிரிவு. 1940 இல் நோர்த்தோல்ற்றில் இருந்து பறந்த போலந்து வீரர்கள். அவர் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் கேட்டது, "சீனன்குடாவில் முறிந்த சிறகை எப்படி மாற்றினார்கள்?" என்று. வெளிச்சிறகு நடுப்பகுதியோடு தனியாகப் பூட்டுகிற மாதிரித்தான் உண்மையான விமானமும். கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். "அப்ப நாங்களும் கழற்றுவோம்" என்று, அன்றிரவே அந்தச் சிறகைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார். பனிக்காலம் முழுக்க சனிக்கிழமைகளில் அவர் வீட்டு நிலவறையில் ஏழு விலாவும் திரும்ப வெட்டினோம். காலை மேலும் கீழும் இருநூறு தடவை இயக்கிப் பார்க்காமல் திடலுக்குக் கொண்டுவரவிடமாட்டேன் என்று சொல்லி, ஒவ்வொன்றாகக் கோடு போட்டு எண்ணியவரும் அவர்தான். ஒன்று பழுதானால் மற்றது இயங்க இரண்டு றிசீவர், இரண்டு பற்றரி; சமிக்ஞை அறுந்தால் எஞ்சின் தானாகத் தணியும் ஏற்பாடு; அத்தனையும் இரண்டாம் முறை சரிபார்த்தார்.

ஞாயிறு அன்று மூன்றாவது சுற்றில் அவர் விமானத்தை எங்கள் பக்கமாகத் தாழ்த்திக் கொண்டுவந்து, வயிறு தெரியச் சரித்தார். நான் அவரிடம் அதைக் கேட்கவில்லை. ஐயாவின் கதையை எப்போதோ ஒரு சனிக்கிழமை விலா வெட்டும்போது சொல்லியிருந்தேன். மாமி என் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, அதேமாதிரிச் சரித்துப் பிடித்தா. ஐயாவின் தங்கை, அன்று அப்பாச்சியின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை.

என் மனுசிக்கு: ஐந்து வருடம் கார் மழையில் நின்றது. அதை ஒருநாளும் நீர் சொல்லிக்காட்டியதில்லை. இதை எல்லோரும் வாசிக்க எழுதவேண்டும் என்றுதான் தனியாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இன்னும் சில காரியம். மூத்தவரின் இறுக்கிப்பிடிகள் பதினாலும் கராஜில் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை நானே கொண்டுவருவேன். அக்காவின் பல்லுக் கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன், புதன்கிழமை கிடைக்கும். கழகத்துத் தராசு இரண்டும் பொலிஷ் நண்பரின் வாகனத்தில் இருக்கின்றன. ஞாயிறு எடுத்த படங்களைப் பெரிதாக அச்சடித்து ஒன்று திருமலைக்கு அனுப்பிவிட்டேன். மற்றவை மேசையில், உங்கள் பெயர் எழுதிய உறைகளில்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் தம்பி