காய்ச்சல் விட்ட பிறகு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து 3 வாரமாகிறது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நடுவில் 5 நாள் ஆஸ்பத்திரிவாசம், நெஞ்சுவலி. பதறாதே, இப்போது வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

வந்தது என்னவோ சாதாரண ஃப்ளூதான். 4 நாளில் காய்ச்சல் விட்டது. என்னைத்தான் உனக்குத் தெரியுமே, மறுநாளே ஓடப் போய்விட்டேன். அடுத்த வாரம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ராத்திரி நெஞ்சில் வலி. மல்லாந்து படுத்தால் கூடும், எழுந்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். வாயு என்று சொல்லிக்கொண்டு 2 நாள் ஓட்டினேன். சுத்த மடத்தனம்.

ஈசிஜி மாறியிருந்தது. ட்ரோபோனினும் ஏறியிருந்தது, இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசிகிற புரதம் அது. மாரடைப்பு என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆஞ்சியோகிராம் செய்தால் ஒரு அடைப்பும் இல்லை! அப்போதுதான் டாக்டர், "சமீபத்தில் காய்ச்சல் ஏதாவது வந்ததா?" என்று கேட்டார். நானாகச் சொல்லவே தோன்றவில்லை, பார்.

பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இதயத் தசையில் அங்கங்கே நீர் கோத்திருந்தது, இடது கீழறையின் வெளிப்புறச் சுவரில் திட்டுகள். மாரடைப்பு என்றால் சேதம் சுவரின் உள்பக்கத்திலிருந்து தொடங்கும். வைரஸால் வரும் அழற்சி பெரும்பாலும் வெளிப்பக்கத்திலோ நடுவிலோதான் தெரியும் என்று படத்தைக் காட்டியே விளக்கினார். மயோகார்டைட்டிஸ், இதயத் தசை அழற்சி. இதயத்தின் மேலுறையும் கொஞ்சம் வீங்கியிருந்ததாம், படுத்தால் வலி கூடியது அதனால்தான். முழு உறுதிக்குத் தசையிலேயே ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அழற்சி திட்டுத் திட்டாக இருப்பதால், எடுத்த துணுக்கு நல்ல இடத்திலிருந்து வந்துவிட்டால் நோயே இல்லை என்று காட்டும். அதனால் நிலைமை மோசமானவர்களுக்குத்தான் அதைச் செய்கிறார்களாம். எனக்கு வேண்டாம் என்றார்கள், தப்பித்தேன்.

ஃப்ளூ மட்டுமில்லை, கொரோனா, அடினோ, காக்சாக்கி பி என்று பல வைரஸ்கள் இந்த வேலையைச் செய்யும். இதில் அடினோவுக்கும் காக்சாக்கிக்கும் செல்லுக்குள் நுழைய ஒரே வாசல்தான். அந்த வாசல் புரதத்துக்கு இரண்டின் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்! ஆனால் வைரஸ் செய்யும் சேதம் பாதிக் கதைதான். அதைத் துரத்த வந்த நம் எதிர்ப்பு அணுக்களே இதயத் தசையையும் சேர்த்துத் தாக்குகின்றன. அதனால்தான் சளி, காய்ச்சல் எல்லாம் போய் ஒரு வாரம், 2 வாரம் கழித்துக்கூட நெஞ்சில் ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தால் வைரஸ் அகப்படாமலே போகலாம்.

பெரும்பாலானவர்களுக்கு முழுதாகச் சரியாகிவிடுமாம். சிலருக்கு மட்டும் இதயம் விரிந்து பலவீனமாகிறது. எனக்கு எக்கோவில் இதயம் அடிக்கும் வேகம், பலம் எல்லாம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. ஆனால் 3 முதல் 6 மாதம் ஓட்டம் கூடாது. அழற்சி ஆறுவதற்குள் உடம்பை வருத்தினால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஷூவை மனைவி எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள்.

அப்புறம், நீ எழுதியிருந்தாயே, "காய்ச்சல் போச்சு, இருமல்தான் மிச்சம், ஜிம்முக்குப் போக ஆரம்பிச்சிட்டேன்" என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. படபடப்போ, மூச்சு வாங்கலோ, நெஞ்சில் ஏதாவதோ இருந்தால் உடனே போய் ஈசிஜி எடு, காய்ச்சல் வந்ததையும் டாக்டரிடம் நீயே சொல். ஒன்றுமில்லை என்றாலும் இதைப் படித்ததும் எனக்கு ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
சேகர்