தண்ணீர் ஓடும்போதே மருதத்தைப் படிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குத்தாலம் பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிரிடுகிறேன். பேரன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப் போகிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேத்தி எழுதினாள். இருவரும் தமிழ் படிப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு வந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கம்பராமாயணத்தில் நாட்டுப்படலப் பாட்டு ஒன்று அவர்களுக்கு மனப்பாடப் பகுதி. 'தண்டலை மயில்கள் ஆடத் தாமரை விளக்கம் தாங்க' என்று தொடங்கும். மயில் ஆடுகிறது, தாமரை விளக்குப் பிடிக்கிறது, மேகம் முழவு கொட்டுகிறது, குவளை கண்விழித்துப் பார்க்கிறது, நீரலை திரைச்சீலை ஆகிறது, வண்டு யாழ் போலப் பாடுகிறது. இத்தனைக்கும் நடுவில் மருதம் கொலு வீற்றிருக்கிறது. பாட்டு கோசல நாட்டைப் பற்றியது. பாடியவர் ஊரான தேரழுந்தூரோ எங்களுக்குப் பக்கம். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த கண் கண்ட காட்சி அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பேத்தி இதை உருப்போட்டது மாசி மாதத்தில், திருப்புதல் தேர்வு நேரத்தில். 'எழினி - திரைச்சீலை, தெண்டிரை - தெளிந்த அலை' என்று நோட்ஸைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருநாள் "அலை எப்படித் தாத்தா திரைச்சீலை ஆகும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. காட்டலாம் என்றால் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். மாசியில் சம்பா அறுத்த வயலில் உளுந்துதான் நிற்கும். வாயால் சொன்னேன், தலையாட்டினாள். தேர்வில் 3 மதிப்பெண்ணுக்கு அடிபிறழாமல் எழுதிவிட்டும் வந்தாள். இன்று கேட்டால் முதல் அடிக்கு மேல் வரவில்லை.

பேரன் விஷயத்தில் நான் காத்திருக்கவில்லை. வகுப்பு அந்தப் பாடத்துக்கு இன்னும் வந்திருக்கவில்லை. இருந்தாலும் புரட்டாசியில் நடவுக்குத் தண்ணீர் கட்டியிருந்த நாளில், பள்ளி விட்டு வந்தவனைப் புத்தகத்தோடு வரப்புக்கு அழைத்துப் போனேன். சாயங்காலக் காற்றில் வயல் முழுவதும் சிற்றலை ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றவன், "நம் கோயில் திருவிழா நாடகத்தில் திரையை இழுக்கும்போது மடிப்பு மடிப்பாக ஓடுமே, அதுபோல இருக்கிறது, தாத்தா" என்றான். நான் எழினி என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னேன். கொண்டல் என்றால் மேகம் என்கிறது நோட்ஸ். கிழக்கிலிருந்து வரும் மழைக்காற்றையும் நாங்கள் கொண்டல் என்றுதான் சொல்கிறோம். அந்தக் காற்றும் அதன் பின்னால் வரும் இடியும் தெரிந்த பிள்ளைக்கு 'முழவின் ஏங்க' என்பதற்கு உரை எதற்கு? குவளையைத்தான் காட்ட முடியவில்லை. எங்கள் குளத்தை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று 5 மதிப்பெண் வினா ஒன்று உண்டு. படத்தைப் பார்த்துப் பிள்ளை தன் மனத்தில் தோன்றுவதை எழுத வேண்டிய இடம். எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி ஒரே கவிதையை முன்கூட்டியே உருப்போட வைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. பேரன் ஒரு மாதிரித் தேர்வில் ஏர் உழும் படத்துக்குச் சொந்தமாக நான்கு வரி எழுதினான். சேற்றில் மாட்டின் குளம்பு பதிந்த குழியில் வானம் தெரிவதாக ஒரு வரி. 2 மதிப்பெண்தான் கிடைத்தது. நோட்ஸில் உள்ளதை அப்படியே எழுதிய பக்கத்துப் பையனுக்கு 5. அன்று இரவு அவன் அந்தக் கவிதையை உருப்போட உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு வலித்தது. மதிப்பெண் அவர்களுக்கு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொந்தக் கண்ணால் பார்த்து எழுதியவனுக்குக் குறைத்துப் போடுவது எந்த நியாயம்?

டெல்டா மாவட்டத் தமிழாசிரியர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. புத்தகத்தில் எங்கே இருந்தாலும், அந்தப் பாட்டைப் புரட்டாசி, ஐப்பசியில் நடத்துங்கள். ஒரே ஒரு மாலை சிறப்பு வகுப்பை விட்டுவிட்டுப் பிள்ளைகளை வாய்க்கால் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேரழுந்தூரில், கம்பர் வாழ்ந்த இடம் என்று சொல்லப்படும் கம்பர்மேட்டையும் காட்டுங்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் என் பேத்தி அங்கே போனதில்லை.

இப்போது ஐப்பசி. வயலில் தண்ணீர் நிற்கிறது, நட்ட பயிர் பச்சை பிடித்துவிட்டது. அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. எந்தப் பள்ளிப் பிள்ளைகள் வந்தாலும் எங்கள் வரப்பில் அழைத்துப் போய்க் காட்ட நான் தயாராக இருக்கிறேன். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வந்தால் காற்று நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
குத்தாலம் வட்டாரம், மயிலாடுதுறை மாவட்டம்.