உப்பைக் கழுவாமல் பெயின்ற் அடிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் வீட்டுப் பக்கத்தில், பழைய இரும்புக் கதிரை மேசைகளுக்கு ஸ்பிரே பெயின்ற் அடித்துப் புதிதாக்குவது பற்றிய கட்டுரையை வாசித்தேன். புதுத் தளபாடம் விற்கிற விலைக்கு இப்படியான கட்டுரை பலருக்குக் கைகொடுக்கும். ஆனால் தூசியைத் துடைத்துவிட்டு அடித்தால் ஒரே பின்னேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று எழுதியிருந்தது எனக்கு உறுத்தியது. எங்கள் கரையோரத்தில் அப்படிச் செய்தால் காசும் போகும், கதிரையும் போகும். செய்து பட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

என் வீடு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே. மூன்று வருடங்களுக்கு முன் பழைய சாமான் கடையொன்றில் நான்கு இரும்புக் கதிரைகள் வாங்கினேன். கறள் பிடித்திருந்தாலும் கால்கள் நல்ல உறுதி. சாண்ட் பேப்பரால் தேய்த்து, துணியால் துடைத்து, பச்சை நிறத்தில் அடித்தேன். பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த மாரி முடிவதற்குள் பெயின்ற் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. நகத்தால் சுரண்டினால் தோல் போல உரிந்தது. எங்கள் ஒழுங்கையில் வெல்டிங் வேலை செய்யும் தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, உப்ப உள்ளுக்க வச்சுப் பூட்டிப் போட்டீங்க" என்றார்.

அவர் சொல்லித்தான் விளங்கியது. எந்தப் பெயின்றும் ஈரத்தை முழுதாகத் தடுப்பதில்லை. கறளின் குழிகளுக்குள் கடற்காற்றின் உப்பு தங்கியிருந்தால், அது ஈரத்தைப் பெயின்றுக்குக் கீழே இழுத்துச் சேர்க்கும். கொப்புளம் அப்படித்தான் வருகிறது, பிறகு உள்ளே கறள் பரவுகிறது. தேய்ப்பதால் மட்டும் இந்த உப்புப் போகாது. கம்பி பிரஷால் கறளைச் சுரண்டிய பின் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் பல தடவை அலச வேண்டும். நல்ல தண்ணீர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: எங்கள் கிணறு சவர். அதில் அலசினால் கழுவிய உப்பைத் திரும்பப் பூசுவது போலத்தான். குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீர் எடுங்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட வேண்டும். வெறும் இரும்பை இரவு வெளியில் விட்டால் விடியும்போது மறுபடியும் செம்மை பூத்திருக்கும்.

இன்னொன்று, சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு. இலங்கையில் எனாமல் பெயின்றில் ஈயம் 600 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 600 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதிரையில் ஈயம் அதிகமாகவே இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்தால் அது மாவாகப் பறந்து தரையில் படியும், தவழும் பிள்ளையின் கையில் ஒட்டி வாய்க்குள் போகும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நான் முற்றத்தில் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது மகளின் பிள்ளை பக்கத்தில்தான் தவழ்ந்து திரிந்தாள். இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்புப் பேப்பர் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். கீழே பழைய பொலித்தீன் விரித்து, அழுக்கை அதிலேயே சுருட்டி எடுங்கள். பிள்ளைகளை உள்ளே விடுங்கள்.

அடிக்கும் நேரமும் முக்கியம். மாரியில் வேண்டாம், காற்றின் ஈரத்தில் பெயின்ற் வெளிறிப் போகும். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பனி உலர்ந்த பின், காற்று எழும்ப முன் காலையிலேயே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மணலெல்லாம் அதில் ஒட்டும். டின்னை நன்றாகக் குலுக்கி, ஒரு அடி தூரத்தில் பிடித்து, மெல்லிதாகப் பல தடவை அடிக்க வேண்டும். அப்புறம், நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்புக் குழாயில் சாதாரண எனாமல் நிற்காது, சில மாதங்களில் உரியும். அதற்கென்று இருக்கும் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். டின்னுக்குள் பெயின்றைத் தள்ளும் வாயு பெரும்பாலும் எரியக்கூடியது என்பதால் அடுப்படிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

அந்த நான்கு கதிரைகளையும் முதலிலிருந்து சுரண்டி, கழுவி, பிரைமர் அடித்து, மறுபடியும் பச்சை அடித்தேன். இரண்டு வருடமாக முன் விறாந்தையில்தான் கிடக்கின்றன. கால் தரையில் உரசும் இடத்தில் மட்டும் லேசாகக் கறள் தெரிகிறது, அதை அவ்வப்போது தொட்டுப் பூசுகிறேன்.

வீட்டுப் பக்கத்தில் இந்த விடயத்தை மறுபடியும் எழுதினால், கழுவும் வேலையையும் ஈயத்தூசியையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள். மாரிக்கு முன் வந்தால் கரையோரத்து வாசகர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு.