பந்து அறையின் பூட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் தர்மபுரியில் கல்லூரி அணிகள் ஆடிய கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். கடைசி நிமிடத்தில் ஒரு பையனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. மறிக்க ஆள் கிடையாது, தூரமும் 4.6 மீட்டர்தான். இரண்டுமே ரிங்கின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பின. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறையே இல்லை சார்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

நான் அவன் கையைத்தான் பார்த்தேன். நெஞ்சுக்கு நேரே வைத்து இரண்டு கையாலும் பந்தைத் தள்ளினான். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் பெரியவர்கள் ஆடும் பந்தைக் கொடுத்து, 10 அடி உயரத்து ரிங்கில் போடச் சொன்னால் வேறு எப்படிப் போடும்? அந்தப் பழக்கம் கல்லூரி வரை கூடவே வந்துவிடுகிறது. தள்ளிய பந்து தட்டையாகப் போகும். ரிங்கின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர், பந்து ஏறக்குறைய 24. பந்து 45 டிகிரி சரிவில் இறங்கினால் அதற்கு 32 சென்டிமீட்டர் வழி கிடைக்கும். 30 டிகிரியில் வந்தால் இருபத்திரண்டரைதான்; விளிம்பில் இடிக்காமல் நுழையவே முடியாது.

சரி, கல்லூரியில் திருத்தலாமே என்பீர்கள். எறியும் விதத்தை மாற்றினால் கொஞ்ச நாளைக்கு, இதுவரை ரிங்கில் விழுந்துகொண்டிருந்த பந்தும் விழாது. அமெரிக்காவின் பெயர்பெற்ற கூடைப்பந்து ஆட்டக்காரர் ஸ்டெஃபன் கர்ரியே பள்ளி நாட்களில் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து எறிந்தவர்தான். அவருடைய அப்பா டெல் கர்ரி ஒரு கோடை விடுமுறை முழுக்க எடுத்துக்கொண்டு அதை மாற்றினார். இங்கே போட்டிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அணியைக் கூட்டுகிறார்கள். அந்த நேரத்தில் எந்த மாஸ்டர் பையனின் கையில் கைவைப்பார்? அப்புறம் தினமும் மேட்ச்தான். பத்துப் பேருக்கு ஒரு பந்து. ஒரு மாலை உட்கார்ந்து எண்ணினேன்: ஒரு மணி நேரத்தில் ஒரு பையன் ரிங்கைப் பார்த்து எறிந்தது ஒன்பது தடவை. இதில் மூன்று புள்ளிக் கோடு வேறு 2010இல் 6.25 மீட்டரிலிருந்து 6.75க்குத் தள்ளிப்போய்விட்டது. டிவியில் பார்த்துவிட்டு எல்லோரும் அங்கிருந்துதான் எறிகிறார்கள்.

ஷூட்டிங், அதாவது ரிங்கில் பந்தைப் போடுவது, தனியாக நின்று, ஒரே இடத்திலிருந்து நூறு தடவை போட்டுப் பழகுவது. அதற்கு வேண்டியது பந்தும் நேரமும். பென்னாகரம், அரூர் பக்கத்துப் பிள்ளைகள் சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். ஆனால் காலையில் எட்டு மணி பஸ்ஸிலேயே வந்து இறங்கி, வகுப்பு தொடங்கும் வரை மரத்தடியில் செல்போனோடு நிற்கிறார்கள். பத்தடி தள்ளி மைதானம் காலி. பந்து அறையோ நாலு மணிக்குத்தான் திறக்கும். சாவியை அணித்தலைவனிடம் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கினால் போதாதா?

பந்து தொலைந்துவிடும் என்பார்கள். நான் ஆடிய காலத்திலும் இதையேதான் சொன்னார்கள். கடைசியில் அறைக்குள்ளேயே கிடந்து தோல் உரிந்த பந்துகளை மூட்டை கட்டிப் பழைய சாமான்காரரிடம் போட்டதை நானே பார்த்தேன்.

— முன்னாள் கல்லூரி ஆட்டக்காரர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்